வலப்பக்கம் திரும்பாத கார்

அந்த வீட்டில் கண் ஒருவரிடம் இருந்தது, தைரியம் இன்னொருவரிடம் இருந்தது. இதைக் கண்டுபிடிக்க முப்பத்தெட்டு வருஷத் தாம்பத்தியம் போதவில்லை. ஒரு கண் டாக்டரும் வேண்டியிருந்தது.

தைரியம் கணவருடையது. பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அதன்பிறகுதான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். கற்ற அன்றே தேர்ந்துவிட்டதாக அவருக்கு ஓர் எண்ணம். எழுபத்தொரு வயதில், லைசென்ஸைப் புதுப்பிக்கக் கண் பரிசோதனைக்குப் போனபோது, முன்னால் போனவர்கள் உள்ளே வாசிப்பதை வரிசையில் உட்கார்ந்தபடியே கேட்டு எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துவிட்டார். டாக்டருக்குச் சந்தேகம் வந்து பலகையை மாற்றினார். இவர் பழைய பலகையையே கணீரென்று ஒப்பித்தார்.

மனைவி மருத்துவமனை மருந்தகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். தெருவுக்கே அவர் மாத்திரையம்மா. மூன்று தடவை எண்ணாமல் ஒரு மாத்திரையைக்கூட வெளியே விட்டதில்லை. காரையும் அப்படித்தான் ஓட்டினார். ஒரு தெருமுனையில் மூன்று தடவை பார்ப்பார். மூன்றாவது தடவை பார்த்து முடிப்பதற்குள், முதல் தடவை பார்த்த இடத்தில் ஒரு வண்டி வந்து நிற்கும்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அவர் வலப்பக்கம் திரும்பும்போது ஒரு மோட்டார் சைக்கிள் கதவை உரசிக்கொண்டு போயிற்று. யாருக்கும் அடியில்லை. ஓட்டி வந்தவன்தான், "வயசான காலத்துல வீட்ல உக்காந்தா என்ன?" என்று கேட்டுவிட்டுப் போனான். கதவில் விழுந்த கீறலை ஒரே வாரத்தில் சரி செய்தாகிவிட்டது. மற்றதற்கு ஒர்க்‌ஷாப் கிடையாது. அன்றிலிருந்து மழையில் ஓட்டுவதில்லை, அந்தி சாய்ந்தால் ஓட்டுவதில்லை, லாரி கண்ணில் பட்டால் ஓரம் கட்டிவிடுவது. எல்லாவற்றுக்கும் மேலே, வலப்பக்கம் திரும்புவதே இல்லை. இடம், இடம், இடம் என்று சுற்றினால் எங்கேயும் போய்ச் சேரலாம் என்பது அவருடைய பூகோளம். நல்ல ரொட்டிக்கடை வலப்பக்கம் இருந்தது. ஆகவே ஏழு வருஷமாக அந்த வீட்டில் சுமாரான ரொட்டி.

கண் டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்க கண்ணையும் அவர் தைரியத்தையும் ஒரே ஆளுக்குக் கொடுத்திருக்கலாம்" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, கண்டக்டரின் விழித்திரைக்குள் கசிவு இருப்பதாகச் சொன்னார். மாதம் ஒரு ஊசி. நாள் தவறினால் மிச்சமிருக்கும் பார்வையும் போகலாம். காரைத் தொடவே கூடாது.

மூன்று ஊசிக்கு மகள் கூட்டிப் போனாள். நான்காவதற்கு அவள் வேலை விஷயமாக வெளியூர். வாடகை வண்டிக்குச் சொல்லியிருந்தார்கள். முதல் வண்டி வருகிறேன் என்று வராமல் போயிற்று. இரண்டாவது, தெருமுனை வரை வந்து மனசு மாறித் திரும்பிவிட்டது. மணி பத்தேகால். பதினொன்றரைக்கு டாக்டர் கிளம்பிவிடுவார். அதோடு இரண்டு வாரம் விடுமுறை.

"விடும்மா, ரெண்டு வாரம்தானே" என்றார் கண்டக்டர்.

மாத்திரையம்மா அவருடைய முகத்தைப் பார்த்தார். அந்த மனுஷர் காலையில் சட்டைப் பொத்தானை ஒரு துளை மாற்றிப் போட்டுக்கொண்டு, அது தெரியாமலே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மழை ராத்திரிகளில், காய்ச்சல் ராத்திரிகளில், ஒரு வார்த்தை முனகாமல் தன்னை எங்கெல்லாம் கொண்டுபோய் விட்டவர்!

"சாவி எங்கங்க?"

"எதுக்கு?"

"பல்லு குத்த. எந்திரிங்க."

மாத்திரையம்மாவின் மனசுக்குள் ஒரு வரைபடம் தயார். மருத்துவமனை ஆறு கிலோமீட்டர். இடப்பக்கமாகவே போனால் பதினேழு. ஒரு மணி நேரம் ஆகும், ஆனால் போய்விடலாம்.

முதல் நாற்சந்தியில் நேராகப் போக வேண்டும். ஓரிரு வண்டிகள்தான். மாத்திரையம்மா காரை நிறுத்தி ஒன்று, இரண்டு, மூன்று என்று பார்த்தார். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார். சாலை காலியாகவே கிடந்தது. கால்தான் எழும்பவில்லை.

பக்கத்து சீட்டில் கண்டக்டர் நெளிந்தார். நின்ற வண்டி அவருக்கு ஆகாது. இருபத்தேழு வருஷப் பழக்கம் கையிலும் நாக்கிலும் இருந்தது. கதவை வெளிப்பக்கம் டப் டப்பென்று தட்டி, "போலாம் ரைட்!" என்று ஒரு குரல் கொடுத்தார்.

கார் ரைட்டில் போயிற்று.

அதாவது, வலப்பக்கம். சிக்னல் விளக்கு போட்டு, கண்ணாடி பார்த்து, எதிர்ப்பக்கம் பார்த்து, அளவாக வளைந்து, தன் பாதையில் போய் நின்றது. இத்தனையையும் செய்தது யார் என்று மாத்திரையம்மாவுக்கே விளங்கவில்லை. ஓரம் கட்டினார். எஞ்சினை அணைத்தார்.

"என்னத்தப் பாத்து ரைட்டுன்னீங்க?"

"பாத்தா சொன்னேன்? வண்டி நின்னா ரைட் சொல்றது என் தொழிலு. போன்னு அர்த்தம்."

"நான் திரும்புன்னு நினைச்சேன்!"

"நீ எதுக்கும்மா திரும்பினே? நீதான் ரைட்ல திரும்புறவ இல்லியே!"

"புருஷன் சொன்னா கேக்கணும்ல."

"இத்தனை வருஷத்துல இதுக்கு முன்னாடி கேட்டதா ஞாபகமில்ல."

மாத்திரையம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்து எஞ்சினைக் கிளப்பினார். தெரிந்த வழியை விட்டாகிவிட்டது. இங்கிருந்து நாலே கிலோமீட்டர். ஆனால் மருத்துவமனை வாசலில் மறுபடி வலப்பக்கம் திரும்ப வேண்டும், அதுவும் பெரிய சாலையைக் குறுக்கே வெட்டி.

"இனிமே நீங்க ரைட் சொல்லக் கூடாது. தெரியாததச் சொல்லி ஆளக் கொன்னுடாதீங்க."

"சரி. வேற என்ன சொல்லணும்?"

"ஒண்ணும் சொல்லாதீங்க."

அதுதான் அன்றைக்கு யாரும் யாருக்கும் வைத்த மிகக் கடினமான பரிசோதனை.

மருத்துவமனை வாசலுக்கு எதிரே மணி பத்து ஐம்பது. விளக்கைப் போட்டு நடுச்சாலையில் காத்திருந்தார். எதிரே வண்டிகள் வந்துகொண்டேயிருந்தன. பின்னால் ஒருவன் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவேயில்லை. ஏழு வருஷத்துக்கு முந்தைய குரல் காதுக்குள் கேட்டது. வீட்டில் உட்கார்ந்தால் என்ன?

கண்டக்டர் மனைவியிடம் வாய் திறக்கவில்லை. ஆனால் ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டினார்.

"என்னப்பா அவசரம்? வண்டில ஏறினவங்க எறங்கற வரைக்கும் டிரைவர்தான் முதலாளி. அவங்களுக்கு எப்போ தோணுதோ அப்போ எடுப்பாங்க!"

பிறகு தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, மனைவியைப் பார்க்காமல், மடியில் கைகோத்து உட்கார்ந்தார். ரைட் இல்லை, போ இல்லை, ஒரு 'ம்' கூட இல்லை. நெற்றி வியர்த்திருந்தது.

எதிரே ஒரு லாரி வந்தது. ஓரம் கட்ட நடுச்சாலையில் இடமில்லை. லாரி மெதுவாகி நின்று, ஓட்டுநர் முன்விளக்கை ஒரு முறை சிமிட்டினார். லாரிக்கு அந்தப் பக்கம் ஏதாவது வருகிறதா? ஒன்று. இரண்டு. மூன்றாவது தடவை பார்க்காமல் திருப்பினார். வாசலுக்குள் நுழைந்ததும், நன்றி சொல்ல இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

"ஸ்டீயரிங்! ஸ்டீயரிங்கப் பிடிம்மா!"

அதற்கு மட்டும் அவருக்கு மன்னிப்பு உண்டு.

ஊசி பதினொன்று இருபதுக்குப் போட்டாயிற்று. டாக்டர் பதிவேட்டைப் புரட்டி, "அடுத்த மாசம் பொண்ணு வந்திடுவாங்களா?" என்று கேட்டார்.

"நானே கூட்டிட்டு வரேன். பத்து மணிக்குப் போடுங்க. மழைன்னா முன்னாடியே போன் பண்ணிடறேன்" என்றார் மாத்திரையம்மா. மழையை இன்னும் அவர் மன்னிக்கவில்லை. ஒரே நாளில் எத்தனைதான் முடியும்!

வெளியே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். கண்டக்டர் ஒரு கண்ணில் கட்டோடு எழுந்து, டீ வேண்டுமா என்று கேட்டால் வாக்குவாதம் வரும் என்று கேட்காமலே, சுவரைத் தடவிக்கொண்டு கேன்டீன் பக்கம் போனார். பஸ் டிப்போவில் ஒரு வழக்கம் உண்டு: கடைசி டிரிப் முடிந்ததும் கண்டக்டர் போய் டிரைவருக்கு டீ வாங்கி வருவார். டிரைவர் எழுந்திருக்க மாட்டார்; எழுந்திருக்கவும் விட மாட்டார்கள்.

இரண்டு கோப்பைகளோடு வந்தார். வழியில் பாதி தரைக்குப் போயிருந்தது. மிச்சம் அதிகமிருந்த கோப்பை எது என்று கண்ணுக்குத் தெரியாததால், இரண்டையும் கையால் தூக்கி எடை பார்த்து, கனமானதை மனைவியிடம் நீட்டினார்.

"டிரைவரம்மா, டீ."

சர்க்கரை இரண்டு மடங்கு. மாத்திரையம்மா கடைசிச் சொட்டு வரை குடித்தார்.