ராசாவோட அப்பன்

இப்போதெல்லாம் யாருக்கும் எதையும் வாய்க்குள் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. தின்கிற சோற்றைப் போட்டோ எடுத்து ஊருக்குக் காட்டுகிறார்கள். பெண்டாட்டியோடு சண்டை என்றால் அதற்கும் ஒரு பாட்டு வைத்துப் போடுகிறார்கள். போன மாதம் எங்கள் தெருவில் ஒரு சாவு. பெட்டி வருவதற்குள் பிணம் எல்லார் போனிலும் வந்துவிட்டது, எடுத்தவனுடைய கட்டைவிரலோடு சேர்த்து. சொல்லக்கூடாதது என்று ஒன்று கிடையாதா? கேட்டால், "நீ பழைய ஆளு, உனக்குத் தெரியாது" என்கிறார்கள். எனக்குத் தெரியும். சொல்லாமல் வைத்திருப்பது எவ்வளவு கனம் என்று எனக்குத்தான் தெரியும்.

என் மருமகள் இசபெல்லா கதை எழுதுகிறாள். போனில்தான் எழுதுகிறாள். வாரத்துக்கு ஒரு பகுதி என்று அதற்கென்று இருக்கிற ஆப்பில் போடுவாள். முகம் தெரியாத ஆட்கள் படித்துவிட்டு இதயம் இதயமாக அனுப்புவார்கள். காதல் கதை. கிரேக்க நாட்டில் ஆதியில் சொன்ன கதையாம், அதை இவள் தன் கைக்குத் திருப்பி எழுதியிருக்கிறாள். ஒரு இளவயசு ராசா. அவனுக்குச் சாவு வருகிறது. அவனுக்குப் பதிலாக வேறு யாராவது மனசோடு சாக வந்தால் விட்டுவிடுகிறேன் என்கிறது தெய்வம். ராசா ஒவ்வொருத்தராகக் கேட்கிறான். ஒருத்தரும் வரவில்லை. கடைசியில் பெண்டாட்டி போகிறாள். பிறகு ஒரு பலசாலி வந்து, சாவோடு கட்டிப்புரண்டு, அவளைத் திரும்பக் கூட்டி வருகிறான். பேரெல்லாம் என் வாயில் நுழையவில்லை. இசபெல்லா கிரேக்க நாட்டை எங்கே கண்டாள், ஒகேனக்கல்லைத் தாண்டி ஆறு பார்த்ததில்லை. அதனால் அவள் கதையில் செத்தவர்களை அக்கரைக்குக் கூட்டிப்போகிறவன் பரிசலில் வருகிறான்.

இதைச் சேலத்தில் ஒருத்தர் புத்தகமாகப் போட்டிருக்கிறார். வருகிற ஞாயிறு பூசை முடிந்து, கோயில் மண்டபத்தில் ஃபாதர் வெளியிடுகிறார். அதில் ஒரு பகுதியை என் வீட்டுக்காரி சகாயராணி எழுந்து வாசிக்க வேண்டும் என்று ஏற்பாடு. அவள் பூசையில் முதல் வாசகம் வாசிக்கிறவள். நல்ல குரல். புதன்கிழமை மத்தியானம் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வாசித்துப் பழகினாள். நான் பக்கத்தில் குந்தி, சொட்டுநீர் பைப்பில் உப்பு அடைத்த ஓட்டைகளை ஒவ்வொன்றாக ஊதிக்கொண்டிருந்தேன்.

எந்தப் பகுதியை எடுத்திருக்கிறாள் என்றால், ராசா தன் அப்பனிடம் போய்க் கேட்கிற பகுதியை.

"'மகனே, எனக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். அந்தக் கொஞ்சம் உன் கண்ணுக்குக் கொஞ்சமாகத் தெரிகிறது. எனக்கு மொத்தமே அதுதான். தரமாட்டேன்' என்றான் ராசாவின் தகப்பன். 'போ, எனக்குக் குளிர்கிறது, கதவைச் சாத்திவிட்டுப் போ' என்றான்." இவ்வளவும் வாசித்துவிட்டு, பூசையில் வாசகத்தை முடிக்கிற பழக்கதோசத்தில், "இது ஆண்டவர் வழங்கும் அருள்வாக்கு" என்று முடித்துவிட்டாள். நாக்கைக் கடித்துக்கொண்டு சிரிசிரி என்று சிரித்தாள். எனக்குப் பைப்பில் ஊத மூச்சு வரவில்லை.

"ஏங்க, இந்தக் கெழவனப் பாத்தா செருப்பக் கழட்டலாம் போல இல்ல? பெத்த புள்ளைக்கு இல்லாத உசுரு என்னா உசுரு?"

"கதைதான புள்ள."

"கதைன்னாலும் ஒரு நாயம் வேணாமா? நீங்களாச்சும் போனீங்க. ஆஸ்பத்திரிக்காரந்தான வேணான்னுட்டான். அந்த மட்டுக்கும் நீங்க தேவல."

சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனது உண்மை. மூன்று வருசத்துக்கு முன்னால் என் மகன் ஆரோக்கிய பிரவீனுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. முப்பத்திரண்டு வயசு. வாரத்துக்கு மூன்று நாள் மெசினில் படுக்க வைத்து ரத்தத்தைக் கழுவினார்கள். யாராவது ஒரு கிட்னி கொடுத்தால் பிழைப்பான் என்றார்கள். அம்மாக்காரிக்குச் சர்க்கரை, அவளை எடுத்த எடுப்பிலேயே வேண்டாம் என்றுவிட்டார்கள். என் ரத்தம் ஒத்துப்போனது. எனக்கு அப்போது அறுபத்தொன்று. வயசு பரவாயில்லை, மற்ற டெஸ்ட் எல்லாம் எடுத்துப் பார்த்துவிடலாம், வெறும் வயிற்றோடு காலையில் வாருங்கள் என்றார்கள். போனேன். மூன்றாவது மாடியில் பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் போன ஆள் வெளியே வந்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்துத் தலையாட்டினான். ஏன் ஆட்டினான் என்று இன்றுவரை தெரியாது. நான் எழுந்து மாடிப்படிப் பக்கம் போனேன். நர்ஸ் கதவைத் திறந்து "சவரிமுத்து" என்றாள். தூணுக்குப் பின்னால் நின்றேன். "சவரிமுத்து யாருங்க?" என்றாள். மூன்றாவது தடவை கொஞ்சம் கோபமாகக் கூப்பிட்டாள். படியில் இறங்கிவிட்டேன். கீழே கேண்டீனில் இட்லியும் வடையும் தின்றேன். பசித்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். நன்றாகத் தின்றேன்.

வீட்டுக்கு வந்து, "வயசாயிருச்சாம், பிரஷரும் இருக்குதாம், ஆவாதுன்னுட்டாங்க" என்றேன். சகாயராணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அது பொய் அழுகை இல்லை. ஆனால் எதற்கு அழுதேன் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. நாலு மாதம் கழித்து இசபெல்லா கொடுத்தாள். மகன் இன்று டூவீலரில் வேலைக்குப் போகிறான், மாத்திரையோடு. அவள் இருமும்போது இடது கை தானாக விலாவுக்குப் போகும். நான் அந்தப் பக்கம் பார்க்கமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊரே உட்கார்ந்திருக்க, என் பெண்டாட்டி அந்தக் குரலில் அந்தக் கிழவனை வாசிப்பாள். நான் முன் வரிசையில் இருப்பேன். அப்பாவுக்கு முன்னால் சேர் போடுங்கள் என்று மகனே சொல்லியிருக்கிறான். வீட்டில் வைத்துப் பேச முடியாது என்று வியாழக்கிழமை காலையில் பஸ் ஏறிக் கம்பைநல்லூர் போனேன். இசபெல்லா அங்கே ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிறாள். அந்தப் பகுதியை எடுத்துவிடு என்று சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

கடையில் அவளோடு பூவிழி என்று ஒரு பெண் வேலை பார்க்கிறாள். வாயாடி. என்னைப் பார்த்ததும் மெசினை நிறுத்திவிட்டாள்.

"வாங்க மாமா! ராசாவோட அப்பன் வந்துட்டாருக்கா!"

இசபெல்லா, "கம்முனு இரு" என்றாள்.

"நான் என்னாக்கா சொல்லிட்டேன்? பிரவீன் அண்ணன் ராசான்னா இவரு ராசாவோட அப்பன்தான? ஆனா மாமா, அந்தக் கதையில வர்ற கெழவன் இருக்கான் பாருங்க, தூ! அவனுக்கு ஒரு நல்ல சாவு எழுதுங்கன்னு நான் அன்னிக்கே அக்காகிட்ட சொன்னேன். இந்த அக்கா எழுதவே மாட்டேங்குது."

"பூவிழி, மூணு டீ வாங்கியா. மாமாவுக்குச் சக்கர கம்மியா."

அவள் போனாள். இசபெல்லா யாருடைய பட்டா மனுவையோ அடித்துக்கொண்டிருந்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காருங்கள் என்றாள். உட்காரவில்லை.

"ஞாயித்துக்கெழம உங்கத்தை வாசிக்கறது..."

"சொல்லுங்க மாமா."

"அது வேணாம்மா. அந்தக் கெழவன் வர்றது. அதை எடுத்துரு. வேற நல்லதா, கல்யாணம் பண்றது அந்த மாதிரி ஏதாச்சும் வாசிக்கட்டும். புஸ்தகத்துலயும் எடுத்துரு."

"புஸ்தகம் அடிச்சாச்சு மாமா. ஏன் எடுக்கணும்?"

இதற்குப் பதில் நான் யோசித்துக்கொண்டு வரவில்லை. ஏன் என்று கேட்பாள் என்று தெரியாமலா வந்தேன்? கிழவன் என்றால் யாரோ கிரேக்க நாட்டுக் கிழவன். அவனை எடு என்று சொல்ல எனக்கு என்ன பாத்தியதை? எடு என்று சொன்னாலே அது நான்தான் என்று ஆகிறது. பஸ்ஸில் வரும்போது இது தோன்றவில்லை.

"ஊரு ஒரு மாதிரி பேசும்" என்றேன்.

"அவன் பழைய கதையிலயே அப்பிடித்தான் இருக்கறான் மாமா. நானா வெச்சதில்ல."

"அவன் அப்பன்காரன்கிட்ட நேருக்கு நேரா கேக்கறான். இவனும் நேரா மாட்டேங்கறான். அப்பிடி எவனாவது சொல்லுவானா?"

டைப் அடிக்கிற சத்தம் நின்றது.

"சொல்றான். அவன்கிட்ட எனக்குப் புடிச்சதே அது ஒண்ணுதான்" என்றாள்.

கடைக்கு வெளியே தக்காளி ஏற்றிய வண்டி ஒன்று பின்னால் வந்து, பின்னால் வந்து, திரும்ப முடியாமல் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம் இரண்டு பேரும்.

"மொதல்ல வேற மாதிரி எழுதினேன் மாமா. வைத்தியன் வேணான்னு திருப்பி அனுப்பிட்டான்னு அந்தக் கெழவன் வந்து பொய் சொல்ற மாதிரி. ரெண்டு நாளு எழுதினேன். எழுத எழுத அவன் மேல எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. அழிச்சுட்டேன்."

அவளே சொன்னாள்.

"உங்களுக்கு டெஸ்டுன்னு சொன்ன மறுநாளு அந்த ஆஸ்பத்திரி நர்ஸு என்கிட்ட கேட்டாங்க. உங்க மாமனாரு நேத்து வரவே இல்லையே, இன்னிக்காவது வருவாரான்னு. வரமாட்டாருன்னு சொன்னேன். அப்புறந்தான் என் பேரக் குடுத்தேன்."

"பிரவீனுக்கு..."

"தெரியாது. அத்தைக்கும் தெரியாது. நான் யாருகிட்டயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன். உங்க மேல எனக்குக் கோவமும் இல்ல மாமா. பயந்துட்டீங்க. எனக்கும்தான் பயம். தியேட்டருக்குள்ள தள்ளிட்டுப் போறப்ப இறங்கி ஓடிரலாம்னு பாத்தேன். ட்ரிப்ஸு மாட்டியிருந்தாங்க, ஓட முடியல."

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. மூன்று வருசமாக என் தட்டில் சோறு போட்டது இந்தக் கை. காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தது. ஒவ்வொரு வேளையும் தெரிந்துதான் போட்டிருக்கிறாள். கோபம் இல்லையாம். கோபம் இல்லாமல் ஒரு மனுசி அப்படி ஒரு கிழவனை எழுதுவாளா? இரண்டு நாள் உட்கார்ந்து எழுதி, அழித்து, பிறகு நேராகப் பேசுகிறவனாக மாற்றி. அது எனக்குச் செய்த உபகாரமா, இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ மனுசன் என்று காட்டுவதா? என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. கோபம் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

"ஞாயித்துக்கெழம வாங்க மாமா. பின்னால வேணா உக்காந்துக்கங்க."

பூவிழி டீயோடு படியேறினாள், நான் அவளைத் தாண்டி இறங்கினேன். "மாமா, டீயக் குடிக்காமப் போறீங்களே, நான் என்னா வெசமா வெச்சிருக்கேன்?" என்று பின்னாலிருந்து கத்தினாள். நான் நிற்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில் நாலைந்து பேர் இருந்தார்கள். தெரிந்த முகம் ஒன்று. அதனால் நிறுத்தத்தைத் தாண்டி நடந்தேன். நல்ல வெயில். ஊர் முடிந்து, சாமந்தி போட்ட காடு வந்தது. கோபம் இல்லை என்றாளே, அது எப்படி என்று திரும்பத் திரும்ப அதிலேயே வந்து நின்றது மனசு. இல்லை, நான் நம்பவில்லை. கதையில் செத்தவள் எழுந்து வந்ததையும் நம்பவில்லை.

புளியமரத்துப் பக்கம் ஆள் இல்லை. வேட்டியை ஒதுக்கிக்கொண்டு ஒன்றுக்கு உட்கார்ந்தேன். ஆபரேசன் முடிந்த அன்று, படுக்கைக்குக் கீழே தொங்கிய பையில் முதல் தடவையாக மூத்திரம் சொட்டியதைப் பார்த்து, என் முப்பத்திரண்டு வயசுப் பிள்ளை கையெடுத்துக் கும்பிட்டான். மாதக்கணக்காக அவனுக்கு அது வரவில்லை. கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நான் அதைப் பார்த்தேன்.

ரோட்டில் பஸ் வந்து, எனக்காக வேகம் குறைத்து, பிறகு போய்விட்டது. காய்ந்த மண்ணில் ஈரம் பள்ளம் பார்த்து ஓடியது. சருகை நனைத்து, எறும்புப் புற்றைச் சுற்றிக்கொண்டு, ரோட்டோரம் வரைக்கும் போனது. நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது.