தேதி தேய்ந்த எருமைக் காசு

சம்பள வெள்ளியன்று தீவன ஆலையிலிருந்து நேராக வங்கிக்குத்தான் போவோம், நானும் மெர்லும். ஆளுக்கு நூறு டாலர் கொடுத்து ஐந்து சென்ட் காசுப் பெட்டி ஒன்று வாங்குவோம். பெட்டிக்கு இரண்டாயிரம் காசு. சனிக்கிழமை காலை மெர்ல் வீட்டுச் சமையலறை மேசையில் கொட்டி, பழையதைப் பொறுக்கிக்கொண்டு, மிச்சத்தை வேறு வங்கியில் போட்டுவிடுவோம். அவரவர் பெட்டியில் வருவது அவரவருக்கு.

அந்த வெள்ளிக்கிழமை இரண்டே பெட்டிதான் இருந்தது. "நீ எடு முதல்ல," என்றான் மெர்ல். என் கை வலப்பக்கத்துப் பெட்டிமேல் போனது. பிறகு என்ன தோன்றியதோ, இடப்பக்கத்தை எடுத்தேன்.

மறுநாள் பத்து மணிக்குள் அவன் முன்னால் வெள்ளிக் காசு முப்பத்தெட்டு. யுத்த காலத்தில் நிக்கல் உலோகமெல்லாம் படைக்குப் போய்விட, வெள்ளி கலந்து அடித்தவை. உள்ளே இருக்கும் வெள்ளிக்கே ஒவ்வொன்றும் ஒரு டாலருக்கு மேல் பெறும். என் முன்னால் இரண்டு.

"செத்துப்போன எவனோட சேமிப்போ இது," என்றான். "புள்ளைங்க பாக்காமக் கொள்ளாம வங்கியில கொட்டியிருக்குதுங்க."

"வாய மூடிட்டுப் பொறுக்கு."

"என்னடா, காப்பியில உப்பு விழுந்த மாதிரி மூஞ்சிய வச்சிருக்க?"

பத்தொன்பது வருஷமாக நான் காசு பொறுக்குகிறேன். அவன் தொடங்கி இரண்டு வருஷம் ஆகவில்லை. ஆலையில் இரண்டு பேருக்கும் ஒரே மூட்டை, ஒரே கூலி. காசு மட்டும் அவனைத் தேடிப் போகிறது.

"ஹார்லன், இதப் பாரு. எருமைக் காசு. தேதி தேஞ்சே போச்சு."

வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தேன். எருமையின் பக்கம் 'எஸ்' எழுத்து இருந்தது, சான்பிரான்சிஸ்கோவில் அடித்தது. திருப்பினேன். அந்தப் பக்கம் செவ்விந்தியன் தலை; தேதி இருக்க வேண்டிய தோள் மேட்டில் மயிரிழை போல ஒன்றும் மூன்றும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதிமூன்றாம் வருஷத்துக் காசு. கடையில் நூற்றைம்பது டாலர் சுளையாகக் கொடுப்பார்கள்.

"ஏதாவது தெரியுதா?"

"ஒண்ணும் தெரியல," என்றேன். "ஆசிட் வச்சுப் பாரு."

தேதி அடியோடு அழிந்த காசுக்குத்தான் ஆசிட் வைப்பார்கள். எண் எழும்பி வரும். கூடவே சொரசொரவென்று கறை நிற்கும். அந்தக் கறையைக் கண்டால் சேகரிப்பவர்கள் பாதி விலைகூடத் தரமாட்டார்கள். மெர்லுக்கு அது தெரியாது. என் பையிலிருந்த சீசாவை நானே எடுத்து நீட்டினேன்.

ஒரு சொட்டு. எண் கறுப்பாக மேலே வந்தது.

"பதிமூணு! பதிமூணுடா!" மேசையைத் தட்டினான், காசெல்லாம் குதித்தன. என்னைக் கட்டிப்பிடித்து, "நீ இல்லேன்னா இத சில்லறையோட போட்டிருப்பேன்," என்றான்.

அப்போதே அவன் வண்டியில் பழைய காசு வாங்கும் கடைக்குப் போனோம். கடைக்காரி பெர்னிஸ் லென்ஸை வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"எந்தப் புண்ணியவான் ஆசிட் வச்சது? மூஞ்சி இவ்வளவு நல்லா நிக்குது, சாய்ச்சுப் பாத்திருந்தா தேதி தெரிஞ்சிருக்குமே. நூத்தம்பது போயிருக்கும். இப்ப முப்பது தரேன், அதுவும் உன் மூஞ்சிக்காக."

மெர்ல் என் பக்கம் திரும்பவேயில்லை. "நான்தான் வச்சேன், பெர்னிஸ். அவசரப்பட்டுட்டேன்," என்றான்.

வண்டியில் ஏறியதும் என் தொடையில் தட்டினான். "விடுடா. உனக்கும் கண்ணு மங்கிடுச்சு. வயசாகுது நமக்கு."

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் பாவம் பார்த்ததைத்தான் தாங்க முடியவில்லை.

"எனக்குத் தெரிஞ்சுது," என்றேன்.

"என்னது?"

"பதிமூணு. ஆசிட் வைக்கிறதுக்கு முன்னாடியே."

சாவியைத் திருப்பப் போனவன் நிறுத்தினான்.

"ஏன்டா?"

என் பக்கத்துக் கதவை எட்டித் திறந்துவிட்டான்.

"எறங்கு," என்றான்.

நாலு மைல் நடந்து வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை ஆலையில் மூட்டையின் மறுமுனையைப் பிடிக்க மெர்ல் வரவில்லை. அந்தக் கோடியில் இன்னொரு மூட்டைக்காரன் கார்வினோடு சேர்ந்து தூக்கிக்கொண்டிருந்தான். கார்வின் ஏதோ சொன்னான். மெர்ல் மூட்டையைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். என்ன சொல்லியிருப்பான்? அதுவரை கார்வின்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை.