சூளையின் இடது மூலை

இராமலிங்கம் சாரின் சூளையில் இடது பக்கக் கீழ்மூலை என்னுடையது. நான் வேலைக்குச் சேர்ந்த வருஷமே கொடுத்துவிட்டார். "அந்த மூலை ஒழுங்கா வேகாது, மரியசூசை. நான் என்ன வெச்சாலும் வீணாப் போகுது. நீ ஏதாவது செஞ்சா அங்க வெச்சுக்க" என்றார். பெரிய மனசு என்று நான் எல்லாரிடமும் சொன்னேன்.

பட்டறை அட்டுவம்பட்டி மலைச்சரிவில் இருந்தது. பள்ளத்திலிருந்து ஏறிவரும் மூடுபனி அந்த மூலைச் சுவரில்தான் வந்து ஒட்டும். எவ்வளவு விறகு தின்றாலும் அந்த இடம் சோம்பிக் கிடக்கும். நடுத்தட்டிலிருந்து சாரின் ஜாடிகள் மினுங்கிக்கொண்டு வெளியே வரும். என் மூலையில் இருந்தது பாதி வெந்த கிழங்காக வரும். மேலே பூசிய கிளேஸ் கண்ணாடியாக உருகாமல், காய்ந்த கஞ்சி போல ஒட்டிக்கொண்டிருக்கும்.

மண் மிதிப்பது, சலிப்பது, கிளேஸுக்குச் சீகை மரச் சாம்பலைக் கழுவி எடுப்பது, தட்டுகளில் அடுக்குவது, ஒன்றரை நாள் நின்று தீ போடுவது எல்லாம் நானும் கூடமாட உதவும் ராமரும். சக்கரத்தில் உட்காருகிறவர் சார். சாயங்காலம் அவர் எழுந்து போன பிறகு நான் உட்காருவேன். அதற்கு அவர் ஒன்றும் சொன்னதில்லை.

எண்பதாம் வருஷம் ஐப்பசியில் என் சம்சாரம் அடைக்கலமேரி செத்துப்போனாள். அவள் பேரில் எங்கள் கோயில் வாசல் சுவரில் ஒரு தீர்த்தத் தொட்டி மாட்ட நினைத்தேன். பூசைக்கு வருகிறவர்கள் விரல் நனைத்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்ளும் தொட்டி. அதற்கு அங்கே ஓரம் பெயர்ந்த ஓர் இனாமல் கிண்ணம்தான் இருந்தது. பன்னிரண்டு வருஷம் அந்தக் கோயிலைக் கூட்டியவள் அவள். ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தக் கிண்ணத்தைத் தேய்த்துவிட்டு என்னைத் திட்டுவாள். "ஊருக்கெல்லாம் சட்டி சுடுறீக. ஆண்டவருக்கு ஒண்ணு சுடத் தெரியல."

முதல் தொட்டி ஜனவரிச் சூளையில் வந்தது. மாட்டிய எட்டாம் நாள் சுவரெல்லாம் ஈரம். மண் சரியாக வேகாததால் தண்ணீர் கசிந்து இறங்கியிருந்தது. கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை உபகாரம், பூசை முடிந்ததும் எல்லார் முன்னாலும் கேட்டார்.

"ஏய்யா சூசை, சனங்க வர்றதுக்கு முந்தி ஒன் சட்டியே தீர்த்தத்தக் குடிச்சுப்புடுதே. என்ன பாவம் பண்ணுச்சுன்னு அதுகிட்டக் கேட்டியா?"

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பழைய கிண்ணம் திரும்ப வந்தது. இரண்டாவது தொட்டி ஜூனில். அதை வீட்டில் வைத்தே தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். விடிவதற்குள் பலகை நனைந்துவிட்டது.

நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். அவள் போய் ஒரு வருஷம். அதற்கு முன்னால் இருந்தது அக்டோபர் சூளை ஒன்றுதான். மூன்றாவது தொட்டியைக் காயவைத்துவிட்டுச் சாரிடம் போய் நின்றேன்.

"சார், நடுத்தட்டுல ஒரு சாண் எடம் குடுத்தா இது வெந்துரும்."

அவர் ஒரு ஜாடிக்குக் கழுத்து இழுத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "இந்தத் தடவை வேண்டாம்ப்பா. மெட்ராஸ் கண்காட்சி இருக்கு. ஒரு இஞ்சு விட முடியாது. அடுத்ததுல பாக்கலாம்."

"அடுத்தது தை மாசம் சார்."

"இருக்கட்டுமே. சாமி எங்க ஓடிடப் போறாரு?"

அந்த வருஷம்தான் கன்னியாஸ்திரி அம்மா நடத்திய வகுப்பில் எழுத்துப் படித்திருந்தேன். தொட்டியின் அடியில் ஆணியால் அவள் பேரைக் கீறினேன். கொண்டுபோய் என் மூலையில் வைத்தேன்.

தீ மூட்டிய மறுநாள் மத்தியானம். சூளைச் சுவரில் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒன்று நடுத்தட்டுக்கு நேராக, மற்றொன்று என் மூலைக்கு நேராக. உள்ளே இரண்டு இடத்திலும் விரல் நீளத்துக்கு ஒரு மண்கூம்பு நிற்கும். கோன் என்போம். வேக்காடு சரியாக வந்ததும் அது தலை குனியும். நடுக்கோன் குனிந்தால் அடுப்பு வாயை அடைத்துவிட வேண்டும், மூலை எப்படி இருந்தாலும். அதுதான் எங்கள் வழக்கம்.

அது குனிவதற்கு முன்னால் தபாலாபீஸிலிருந்து ஆள் வந்தது. கண்காட்சிக்காரர்கள் ட்ரங்க் காலில் கூப்பிடுகிறார்களாம். போய், காத்திருந்து, பேசித் திரும்ப எப்படியும் மூன்று மணி நேரம் ஆகும். சார் என் தோளைத் தொட்டார்.

"நடுக்கோன் குனிஞ்சதும் அடைச்சிடு. நான் இல்லாட்டி என்ன, உன் கண்ணு என் கண்ணு மாதிரி."

ஒரு மணி நேரத்தில் அது குனிந்தது. ராமர் செங்கல்லும் சேறும் கொண்டுவந்தான். அவன் மேல்மலைக்காரன். பூண்டுக் காட்டில் சோலி இல்லாத மாதங்களில் எங்களுக்கு விறகு பிளப்பான். நான் என் மூலை ஓட்டையில் கண் வைத்தேன். என் கோன் விறைத்து நின்றது.

"அண்ணே, அடைச்சிரவா?"

"இரு. எடப்பக்க அடுப்புல ரெண்டு கட்டு போடுவோம்."

"குனிஞ்சிருச்சே."

"போடுலே."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு மூலையைப் பார்த்தான். "மதினிக்கா?" என்றான். நான் விறகுக் கட்டை அவிழ்த்தேன். "அப்பச் சரி. வெரசாப் போடுங்க. சாரு கேட்டா நான் வெறகு பொளந்தவன், அம்புட்டுத்தான்."

மெல்லிசாகப் பிளந்த சீகை, எண்ணெய் மாதிரி எரிந்தது. இரண்டு கட்டு நாலானது. நாலு ஏழானது. நடு ஓட்டைப் பக்கம் நான் போகவே இல்லை. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. ஒன்பது வருஷம் தீ போட்டவனுக்கு அதன் இரைச்சலே சொல்லிவிடும். தடித்த ஜாடிகள், தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் கோன் தலை சாய்ந்தபோது ராமர் மூச்சு விட்டான்.

"மூணு தொட்டிக்கு உண்டான வெறகு ஒரே தொட்டிக்குப் போச்சு. மதினி செத்தும் செலவு வைக்குது" என்றான். இரண்டு பேரும் சிரித்தோம். அடைத்தோம்.

சார் வந்தார். "ஆச்சா?"

"ஆச்சு சார்."

மூன்றாம் நாள் சூளை வாயைப் பிரித்தோம். சார் முதல் செங்கல்லை எடுத்ததும் எட்டிப் பார்த்தார். அப்படியே நின்றார். நடுத்தட்டில் ஜாடிகள் இடுப்பு ஒடிந்து ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. கிளேஸ் வழிந்து ஓடித் தட்டோடு தட்டாக ஒட்டியிருந்தது. கோப்பைகளை உளி வைத்துத்தான் பெயர்க்க முடிந்தது. நாலு மாத வேலை. ஒன்றுகூடத் தேறவில்லை.

சார் விறகுக் குவியலில் உட்கார்ந்துவிட்டார். "நான் போயிருக்கக் கூடாது" என்றார். "எம் மேலதான் தப்பு. ஒரு போன் வந்துச்சுன்னு ஓடினேன் பாரு. கோன் குனிஞ்சதும் அடைச்சுட்டல்ல?"

"அடைச்சுட்டோம் சார்."

ராமர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசியாக மூலையைக் காலி செய்தோம். என் தொட்டி வந்தது. ஒன்பது வருஷத்தில் அந்தச் சூளையில் அப்படி ஒன்று வெந்ததில்லை. பனிக்குள் தெரிகிற ஏரித் தண்ணீர் நிறம். ஓரத்தில் மட்டும் தேன் போலச் சிவப்பு. விரலால் சுண்டினேன். மணிச்சத்தம் கேட்டது.

சார் எழுந்து வந்து கையில் வாங்கினார். வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடியில் இருந்ததைப் படித்தார்.

"உன் சம்சாரமா?"

"ஆமா சார்."

அவர் கண் கலங்கியிருந்தது. "மரியசூசை, வெறுங்கையோட நான் அங்க போய் நிக்க முடியாது. பழைய சாமான் நாலஞ்சு இருக்கு, அதோட இது ஒண்ணு போதும். இதக் குடு. தை மாசம் நடுத்தட்டு முழுக்க உனக்கு. நீ மாட்டேன்னா நான் எடுக்க மாட்டேன்."

மாட்டேன் என்றால் எடுத்திருக்க மாட்டார். அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த உடைசலுக்கு நடுவில் நின்றுகொண்டு, எந்த வாயால் மாட்டேன் என்பது?

"எடுத்துக்கங்க சார்" என்றேன்.

கல்லறைத் திருநாளன்று கோயில் வாசலில் இனாமல் கிண்ணத்தில் விரல் நனைத்தேன். உபகாரம் பக்கத்தில் நின்றார். "என்னய்யா, இந்த வருசம் தொட்டி கிட்டி கெடயாதா?" என்றார். இல்லை என்றேன். அவளுடைய குழிமேட்டுக்குப் போய் மெழுகுவர்த்தி கொளுத்தினேன். மழை அணைத்துவிட்டது.

சார் மெட்ராஸிலிருந்து ஒரு சட்டைத் துணியும் அல்வாவும் கொண்டுவந்தார். "முதல் நாளே உன்னுதுதான் வித்துச்சு. ஒரு டாக்டரம்மா. வாஷ்பேசின் பக்கத்துல மாட்டிச் சோப்பு வைக்கப்போறாங்களாம்" என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

தை மாசச் சூளை அடுக்கும்போது சொன்ன சொல் தவறாமல் நடுத்தட்டைக் காலியாக விட்டிருந்தார். "உன் சாமானைக் கொண்டா" என்றார்.

"ஒண்ணும் செய்யல சார்."

"ஏன்ப்பா?"

"சோலி இருந்துச்சு."

தட்டைத் துடைத்தேன். வெளியே வரிசையாகக் காய்ந்திருந்த அவருடைய ஜாடிகளை ஒவ்வொன்றாக எடுத்து நடுவில் அடுக்கினேன். இடது மூலையில் கோனை மட்டும் வைக்கவில்லை.