குழிக்கு வைத்த பெயர்

சுரங்க நிறுவனத்தின் ஆய்வகத்தில் தண்ணீர் சோதிப்பவள் அவள். மேலாளர் அவளுடைய தாய்மாமன். வேலை வாங்கிக் கொடுத்தவர். பார்க்கும்போதெல்லாம் அதை ஞாபகப்படுத்துகிறவர்.

அன்று ஓர் அறிக்கையை அவள் முன் தள்ளினார். ‘ஏரித் தண்ணீர் குடிக்க உகந்தது.’ அவள் கையெழுத்துதான் பாக்கி. போட்டால் ஒன்றாம் தேதி முதல் தொழிலாளர் குடியிருப்புக் குழாய்களில் அந்தத் தண்ணீர் வரும். அவள் தங்கை அங்கேதான் இருக்கிறாள், மூன்று மாதக் கைக்குழந்தையோடு.

"எது மாமா ஏரி?"

"நம்ம குழிதான். குழின்னு சொன்னா எவன் குடிப்பான்?"

அறுபது வருடங்களுக்கு முன் அங்கே ஒரு மலை நின்றது. செம்புக்காக அதை வெட்டினார்கள். மலை தீர்ந்ததும் பூமியைத் தோண்டினார்கள். கழிவை ஆற்றோரம் கொட்டினார்கள். ஆறு காவி நிறமானது. மீன் செத்தது. மீன் பிடித்தவர்கள் குழிக்குள் வேலைக்கு இறங்கினார்கள். நிறுவனத்தின் பொன்விழா மலர் அதை ‘வேலைவாய்ப்பு’ என்று எழுதியது. செம்பு குறைந்ததும், குழியில் ஊறும் தண்ணீரை இறைத்த பம்பை நிறுத்தினார்கள். ஊற்றும் மழையும் குழியை நிறைத்தன. ஊரை அடித்து உலையில் போட்டவர்கள், இப்போது உலைத் தண்ணீரையும் ஊருக்கே ஊற்றப் பார்த்தார்கள்.

"நிறத்தைப் பாரு, என்ன ஒரு நீலம்!"

"ஒரு கிளாஸ் கொண்டாந்திருக்கேன். குடிங்க மாமா."

"எனக்கு அல்சர்மா. கண்டதையும் குடிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"கண்டதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க."

அவர் மேஜையில் துருப்பிடித்த குண்டூசி ஒன்று கிடந்தது. துருவைத் தேய்த்துவிட்டு அதைக் கிளாஸில் போட்டாள்.

மாமா பேசத் தொடங்கினார். "உங்கம்மா என் வாசல்ல வந்து கண்ணைக் கசக்குனப்ப..." என்று தொடங்கி, நன்றி, குடும்ப மானம், தன் பெருந்தன்மை என்று அரைமணி நேரம். வாய்க்கு மட்டும் அல்சர் இல்லை. அவள் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் ஓய்ந்ததும் ஊசியை எடுத்துக் காட்டினாள். தேய்த்த இரும்பின்மேல் புதிதாய் ஒரு செம்பூச்சு படிந்திருந்தது.

"என்னடி இது?"

"நீங்க எடுக்காம விட்ட செம்பு. பாப்பா வயித்துல தேடவேண்டாம்னு இங்கயே எடுத்துட்டேன்."

‘ஏரி’யை அடித்துக் ‘குழி’ என்று எழுதினாள். ‘உகந்தது’ என்பதை அடித்து ‘கேடு’ என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். தன் சோதனைத் தாளையும் சேர்த்து அதே ஊசியால் குத்திக்கொண்டு, சுகாதார அலுவலகத்துக்குக் கிளம்பினாள்.

மாமா வாசல்வரை ஓடிவந்தார். தடுக்க அவருக்கு ஒரே ஒரு காரணம்தான் கிடைத்தது.

"ஏய், அந்தக் குண்டூசி கம்பெனி சொத்துடி!"