பழுதாகாத வண்டி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையை நானாக எழுத உட்காரவில்லை. லவீனா கேட்டாள். அவளுடைய ஏழு வயது மகள் யோலின் போன ஆகஸ்டு பள்ளி விடுமுறையில் வடக்கு எல்லையில் குனேனே ஆற்றங்கரையில் இறந்துபோனாள். ஆறு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் லவீனா என் வீட்டுக்கு வந்தாள். சமையலறை நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நீங்க கதை எழுதுறவருதானே, சோலாண்ணே. அவ சாகாத மாதிரி ஒண்ணு எழுதித் தாங்க."

நான் சோலையப்பன். ரெஹோபோத்தில் எல்லாருக்கும் சோலா. நமீபியாவுக்குச் சுரங்க வேலையாக வந்து, சுரங்கம் மூடிய பிறகு இந்த ஊரில் வண்டி உதிரிபாகக் கடை கவுண்டரில் நிற்கிறேன், இருபத்திரண்டு வருடமாக. நான் கதை எழுதுவது ஊரில் ஒரு கேலி. யாருக்கும் வாசிக்க முடியாத எழுத்தில் எழுதுகிற ஒருவனை வேறு என்ன செய்வார்கள்?

தமிழில் எழுதுகிறேன். லவீனா வரும்போது அவள் பேசும் ஆஃப்ரிகான்ஸில் வாய்விட்டுச் சொல்கிறேன். அப்படிச் சொல்லும்போது சில வரிகளை விழுங்கிவிடுகிறேன். அவை இங்கே அடைப்புக்குறிக்குள் இருக்கும். (இந்த ஊரில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்தத் தைரியத்தில்தான் எழுதவே முடிகிறது.)

2

தொடக்கம் வரவில்லை. மூன்று எழுதிப் பார்த்தேன்.

"பொழுது புலரும் நேரத்தில் வெள்ளை வண்டி செம்மண் பாதையில் வடக்கு நோக்கி..." சீ. வண்டிக் கம்பெனி விளம்பரம் மாதிரி இருக்கிறது.

"குடும்பத்தோடு பாலைவனம் போகிறவன் வண்டி தேர்ந்தெடுக்கையில் கவனிக்க வேண்டியவை யாதெனில்..." இதை எழுதியவனைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஆனால் நான் லவீனாவின் கணவன் கெரிட்டுக்குச் சொன்னது கிட்டத்தட்ட இதைத்தான்.

"பச்சை வண்டி நின்றுபோகாத பயணமே கிடையாது." இது இருக்கட்டும். இது உண்மை.

பச்சை வண்டி அந்தக் கெரிட் மூட்டனுடையது. பத்தொன்பது வயதான வண்டி. ஒரு வருடம் தண்ணீர் பம்ப் போகும், மறுவருடம் ஆல்டர்னேட்டர். வரிவரியாக அலையடித்துக் கிடக்கும் சரளைப் பாதையில் ஷாக் அப்சார்பர் எண்ணெய் கக்கிவிடும். கெரிட் கவுண்டருக்கு வந்தாலே நான் கேட்காமல் எடுத்து வைக்க ஆரம்பித்துவிடுவேன். அதனால் அவர்கள் வடக்கே போகும்போதெல்லாம் கெரிட்டின் பெரியப்பா மகன் ஆபி தன் வண்டியில் பின்னாலேயே போவார். ஆபி மெக்கானிக். ஆபி போனால் அவர் மனைவி எல்னாவும் போவாள். எல்னா ஊர் கிளினிக்கில் நர்ஸ்.

யோலினுக்கு நாலு வயதில் வீட்டுக் கொல்லையில் ஒரு தேனீ கொட்டி, முகம் வீங்கி, மூச்சு விசில் அடித்தது. எல்னாதான் ஓடி வந்து ஊசி போட்டாள். அன்றிலிருந்து அந்த மருந்து எல்னாவின் பையில் இருக்கும். பயணத்துக்குக் கிளம்பும்போது லவீனா அதைப் பற்றி யோசித்ததே இல்லை. எல்னா வருகிறாள் என்றால் பையும் வருகிறது.

3

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது வண்டி வாங்கப் போகிறார் என்றால், ஞாயிறு தேவாலயம் முடிந்து அவர் வீட்டு முற்றத்தில் ஆண்கள் கூடுவார்கள். ஓட்டிப் பார்க்க வாங்கிவந்த வண்டிகள் பானெட் திறந்து நிற்கும். பக்கத்தில் நெருப்பு, அதன்மேல் ஆட்டிறைச்சி. அவரவர் தன் வண்டிதான் வண்டி என்று தொண்டை கிழியப் பேசுவார்கள். பெண்கள் அவரவர் கணவனின் பொய்களைத் திருத்துவார்கள்.

ஜூனில் கெரிட் முற்றத்தில் இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று வெள்ளி நிறம், ஒன்று வெள்ளை. கம்பெனிப் பெயர் சொல்லமாட்டேன். லவீனாவுக்கு வெள்ளிதான் பிடித்தது. பின் சீட் பிள்ளை படுத்துக்கொள்ள வசதி, ஏசி பின்னால்வரை வரும். கெரிட் என்னைப் பார்த்தான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கவுண்டரில் நிற்கிறவனுக்குத்தான் எந்த வண்டிக்காரன் அழுதுகொண்டு வருகிறான் என்று தெரியும்.

நான் பேசினேன். ஐயோ, என்ன பேச்சு. வெள்ளியில் எல்லாமே கம்ப்யூட்டர், ஒரு சென்சாரில் தூசி நுழைந்தால் நடுக்காட்டில் நின்றுவிடும், அதைத் திறக்கிற கருவி தலைநகர் தாண்டினால் எவனிடமும் கிடையாது என்றேன். வெள்ளையில் பழைய மாதிரி டீசல் எஞ்சின், அதிலிருந்து கழன்று விழ ஒன்றுமே இல்லை. பன்னிரண்டு வருடத்தில் அந்த மாடலுக்கு ஃபில்டர் தவிர வேறு எதுவும் கேட்டு ஒருவனும் என் கவுண்டருக்கு வந்ததில்லை என்றேன். அத்தனையும் உண்மை. இன்றைக்கும் என்னால் அதில் ஒரு பொய்யைக் கண்டுபிடிக்க முடியவில்லை. கெரிட் அங்கேயே வெள்ளை என்று முடிவு செய்தான்.

(அதோடு நிறுத்தியிருக்கலாம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கெரிட் ஆகஸ்டுப் பயணத்துக்கு ஆபியை எப்போது கிளம்பச் சொல்லலாம் என்று யாரிடமோ கேட்டான். நான் குறுக்கே விழுந்தேன். "இந்த வண்டியோட ஆபியக் கூட்டிட்டுப் போனா, பாவம் மனுஷன், பத்து நாளும் கையில ஸ்பேனரை வச்சுக்கிட்டு ஆத்தைப் பாத்து உக்காந்திருக்கணும்." எல்லாரும் சிரித்தார்கள். ஆபிதான் அதிகம் சிரித்தார். பிறகு இறைச்சியைத் திருப்பிப் போடப் போய்விட்டார். அதற்கப்புறம் அவரை யாரும் கூப்பிடவில்லை, அவரும் வருகிறேன் என்று சொல்லவில்லை. எல்னா கிளினிக்கில் கேட்டிருந்த லீவைத் திங்கட்கிழமை ரத்து செய்துவிட்டாள். அப்போது லவீனா உள்ளே உருளைக்கிழங்கு சாலட் கலந்துகொண்டிருந்தாள். இன்றுவரை அவளுக்கு இது தெரியாது.)

4

கதையில் இந்தச் சோலா என்கிற ஆள் எனக்குச் சரிப்படவில்லை. நம்பும்படி இல்லை. ஒரு வேடிக்கைப் பேச்சுக்காக ஒருத்தன் இவ்வளவு தூரம் தன்னையே போட்டு அடித்துக்கொள்வானா? கதாசிரியன் கையை வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கிறது. வேறு யார் கதையாக இருந்தாலும் இவனை வெட்டிவிடு என்றுதான் சொல்வேன்.

வெட்டிப் பார்த்தேன். சோலா இல்லாமல் எழுதினால் கெரிட்டே ஆபியை வேண்டாம் என்று முடிவு செய்ததாக ஆகிறது. அவன் தலையில் அதையும் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. லவீனா முடிவு செய்ததாக எழுத ஆரம்பித்தேன், பாதி வரியில் அடித்துவிட்டேன்.

இல்லை. சோலா இருக்கட்டும்.

நம்பகம் என்று ஒரு சொல்லைக் கவுண்டரில் ஒரு நாளைக்கு இருபது முறை சொல்கிறேன். நின்றுபோகாத வண்டி என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம் வைத்திருந்தேன். பச்சை வண்டி நின்றுபோகும் என்பதற்காக எத்தனை பேர் கூடப் போனார்கள், அவர்கள் கையில் என்னென்ன இருந்தது என்று ஒருநாளும் எண்ணிப் பார்க்கவில்லை. புறப்படுமுன் கெரிட்டுக்கு எடுத்துப்போக வேண்டிய சாமான் பட்டியல் எழுதிக் கொடுத்தவனும் நான்தான். முப்பத்தொரு சாமான், முப்பத்தொன்றும் வண்டிக்கு.*

* ஃபேன் பெல்ட், இரண்டு உபரி டயர், டீசல் ஃபில்டர், ரேடியேட்டர் குழாய், கட்டுக்கம்பி. மீதியை எழுதக் கூசுகிறது.

5

நடந்ததைச் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன்.

ஆற்றங்கரை முகாமில் மூன்றாம் நாள் காலை. தண்ணீர்க் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. வறட்சிக் காலத்தில் சொட்டும் குழாயைத் தேனீ விடாது. யோலின் பல் தேய்க்கப் போனாள். கழுத்தில் ஒன்று, உதட்டில் ஒன்று.

லவீனா "எல்னா" என்று கத்தினாளாம். கத்திய பிறகுதான் எல்னா வரவில்லை என்பது நினைவுக்கு வந்ததாம்.

அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. அது கெரிட்டுக்குத் தெரியாது, அல்லது தெரிந்துகொள்ள அவன் சம்மதிக்கவில்லை. பிள்ளையை லவீனா மடியில் போட்டு, ஒபுவோ ஆஸ்பத்திரிக்கு எட்டரை மணி நேரம் ஓட்டினான். மணல், பாறை, காய்ந்த ஆற்றுப்படுகை. வெள்ளை வண்டி ஒரு முறைகூட முக்கவில்லை. முன்பலகையில் ஒரு எச்சரிக்கை விளக்குகூட எரியவில்லை. நான் சொன்னபடியே ஓடியது.

6

கெரிட் வண்டியை விற்கவில்லை. தினமும் வேலைக்குப் போகுமுன் சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்துவிட்டு அணைத்துவிடுவான், வேலைக்கு அதில் போவதில்லை. ஒருநாள் வேலி ஓரம் நின்று ஏன் என்று கேட்டேன்.

"ஒரே ஒரு தடவை ஸ்டார்ட் ஆகாம போகுதான்னு பாக்கறேன், சோலா" என்றான். "ஒரே தடவை. அப்புறம் நான் நிம்மதியா அதைக் கொளுத்திருவேன்."

ஃபில்டரை நேரத்துக்கு மாற்றினால் இன்னும் பதினைந்து வருடம் ஓடும் என்பது எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. திறக்கக் கூடாது என்று இந்த வயதில்தான் கற்றுக்கொண்டேன்.

7

முடிவு ஒன்று. வெள்ளி வண்டி.

கெரிட் மனைவி பேச்சைக் கேட்டு வெள்ளியை வாங்குகிறான். இரண்டாம் நாள், கமன்யாப் ஊருக்கு வெளியே, சென்சாரில் தூசி. வண்டி நின்றுவிடுகிறது. கட்டி இழுத்துவர லாரி வர ஒன்றரை நாள். யோலின் பெட்ரோல் பங்க் வாசலில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டே ஆற்றைப் பார்க்காமல் திரும்புகிறோமே என்று ஊரைக் கூட்டி அழுகிறாள். எல்லாரும் வீடு திரும்புகிறார்கள். கெரிட் என்னைக் கூப்பிட்டு, "நீ சொன்னது சரிதாம்பா" என்று சலித்துக்கொள்கிறான்.

எனக்கு இது பிடித்திருந்தது. இதில் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. சனிக்கிழமை லவீனாவுக்குச் சொன்னேன். கடைசிவரை கேட்டாள்.

"வேணாண்ணே" என்றாள். "ஒரு வருஷமா ஆறு, ஆறுன்னு சொல்லிட்டிருந்தா. கதையிலயாவது பாத்துட்டு வரட்டும்."

8

முடிவு இரண்டு. பச்சை வண்டி.

கெரிட் பழையதையே வைத்துக்கொள்கிறான். ஆபியும் எல்னாவும் பின்னால் வருகிறார்கள். வடக்கே புரோஸ் என்கிற ஊர் தாண்டி ஆல்டர்னேட்டர் போகிறது. ஆபி வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு கெரிட்டின் மூதாதையர் வரைக்கும் திட்டுகிறார். நாலு மணி நேரம். எல்னா அதற்குள் யோலினுக்குத் தலை பின்னிவிடுகிறாள். ஒரு நாள் தாமதமாக ஆற்றுக்குப் போய்ச் சேருகிறார்கள். குழாய், தேனீ, கழுத்து, உதடு. லவீனா "எல்னா" என்று கத்துகிறாள். எல்னா பையோடு ஓடி வருகிறாள். தொடையில் ஊசி. பிள்ளை வாந்தி எடுத்து, நடுங்கி, அழுது, ஒரு மணி நேரம் கழித்து காய்ந்த ரொட்டியைக் காபியில் தோய்த்துத் தரச் சொல்லிக் கேட்கிறாள்.

(இந்த முடிவில் நான் முற்றத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பிழைக்க அவ்வளவுதான் தேவைப்பட்டது. எழுதி முடித்துவிட்டு நோட்டின்மேல் தலையைக் கவிழ்த்து, வெட்கமில்லாமல் அழுதேன்.)

இதைச் சொன்ன சனிக்கிழமை லவீனா அழவில்லை. கையை மடியில் கோத்துக்கொண்டு, யாரோ ஊரிலிருந்து தகவல் கொண்டு வந்தவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். நான் நோட்டை மூடினேன்.

"மறுநாள்?" என்றாள்.

கதை முடிந்துவிட்டது என்றேன்.

"அவ மறுநாள் என்ன பண்ணினா? பெருசா ஒண்ணும் வேணாம். சும்மா ஒரு நாள்."

9

அன்றிலிருந்து ஏழு சனிக்கிழமை ஆகிவிட்டது. மறுநாள் எழுதினேன். அதற்கு மறுநாளும். யோலின் ஊருக்குத் திரும்பிவிட்டாள், பள்ளி திறந்துவிட்டது, ஆசிரியையிடம் ஒருமுறை திட்டு வாங்கினாள். லவீனா திருத்துகிறாள். அவ தக்காளி தொடமாட்டா. அந்த நீலச் சட்டை போன வருஷமே சின்னதாயிருச்சு. நான் அடித்துவிட்டு மாற்றுகிறேன். கெரிட் உள்ளே வருவதில்லை. வெளியே வெள்ளை வண்டிக்குள் உட்கார்ந்து அவளுக்காகக் காத்திருக்கிறான். எல்னா கடைக்கு வந்து கவுண்டர்மேல் கையை ஊன்றி, இது அவளை எங்கே கொண்டுபோய் விடும் என்று யோசித்தீர்களா, நிறுத்துங்கள் என்றாள். நிறுத்த வேண்டுமென்று எனக்கும் தெரியும். இது மருந்து இல்லை, நான் டாக்டரும் இல்லை. ஆனால் நிறுத்தினால் அந்தப் பிள்ளை இரண்டாம் தடவை சாகும், இந்தத் தடவை நேராக என் கையால்.

உண்மையைச் சொல்லி நிறுத்தலாம். அடைப்புக்குறியைத் திறந்து அவளிடம் வாசித்துவிடலாம். மூன்று சனிக்கிழமை அதற்குத் தயாராக உட்கார்ந்தேன். அவள் வந்து, "சொல்லுங்கண்ணே" என்றதும் யோலினின் மறுநாளைச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். நான் கோழை, அதைத் தமிழிலாவது எழுதிவைக்கிறேன்.

போன வாரம் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்.

"வர்ற சனிக்கிழமை அவளுக்குப் பொறந்த நாள். எட்டு ஆகுது. கேக் நான் செஞ்சு எடுத்துட்டு வந்துர்றேன். யார் யார் வர்றாங்கன்னு மட்டும் நீங்க எழுதிருங்க."

இன்று வியாழன். தாளில் இருப்பது இவ்வளவுதான்: "யோலினின் எட்டாவது பிறந்தநாளுக்கு முதலில் வந்தது". அந்தக் கேக்கை அவள் வெட்டி, தட்டில் வைத்து, யாருக்குக் கொடுக்கிறது என்று என்னைப் பார்ப்பாள். உண்மையைச் சொல்வதற்கும் தைரியம் இல்லை, எட்டு மெழுகுவத்தி ஏற்றுவதற்கும் தெம்பு இல்லை. மூன்றாவது முடிவு ஒன்று இருந்தால் எனக்குத் தெரியவில்லை.

தமிழ் வாசிக்கிற உங்களிடம் கொடுக்கிறேன். நாளைக்குள் எழுதிக் கொடுங்கள். அவள் பள்ளித் தோழிகளைக் கூப்பிடுங்கள், ஆபியையும் எல்னாவையும் கூப்பிடுங்கள், கெரிட்டை வண்டியிலிருந்து இறக்கி உள்ளே கூட்டி வாருங்கள். என்னை மட்டும் அந்தப் பிறந்தநாள் வீட்டுக்குள் விடாதீர்கள்.