பெண் வீட்டு வீடியோ

எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் முத்துச்செல்வியின் கண் முதலில் போவது லேபிளுக்குத்தான். ஒரகடத்துக் கம்பெனி ஒன்றில் மூன்று வருடமாகப் பேக்கிங் லைனில் நிற்பவளுக்கு வேறு எங்கே போகும்? பெட்டிக்குள் தங்கமே இருந்தாலும் லேபிள் தப்பென்றால் ஸ்கேனர் கத்தும், சூப்பர்வைசர் அதைவிடப் பலமாகக் கத்துவார். பழையதைக் கிழித்துச் சரியானதை ஒட்டினால் இரண்டு பேரும் அடங்கிவிடுவார்கள். உலகமே இப்படித்தான் ஓடுகிறது என்று அவள் நம்பியதில் தப்பு சொல்ல முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் கைப்பையில் ஒரு பென்டிரைவ் இருந்தது. ஒரு கல்யாணப் பெண்ணின் வீட்டார் மொத்தப் பேரும் அதற்குள் இருந்தார்கள்.

பெண், சந்தனமாரி. வல்லம் வடகால் ஹாஸ்டலில் கீழ்க்கட்டிலில் அவள், மேல்கட்டிலில் முத்துச்செல்வி. மாப்பிள்ளை ஜோயல், அதே கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற உள்ளூர்ப் பையன். வெள்ளிக்கிழமை பதிவுத் திருமணம் முடிந்தது, இன்றைக்கு மண்டபத்தில் மதிய விருந்து. சங்கரன்கோவிலில் இருந்த சந்தனமாரியின் சொந்தக்காரர்கள், அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டோம் என்று போனிலேயே சொல்லிவிட்டார்கள். எனக்கு ஹாஸ்டல் இருக்கிறது என்று அவள் தைரியமாகத்தான் இருந்தாள். முத்துச்செல்வியைச் சேர்த்து இருபத்துமூன்று பேர் பட்டுப்புடவையை இஸ்திரி போட்டுக் காத்திருந்தார்கள். கம்பெனி விடுமா? மாதக் கடைசியில் சரக்கு அனுப்பவேண்டும், ஞாயிறு ஓவர்டைம் எல்லோருக்கும் கட்டாயம் என்று அறிவித்துவிட்டது. ஷிஃப்டை மாற்றிக்கொண்டு தப்பித்தது முத்துச்செல்வி ஒருத்திதான்.

வரமுடியாதவர்கள் சும்மா இருக்கவில்லை. சனிக்கிழமை காலை மொட்டைமாடியில் சீட்டுக் குலுக்கிப் போட்டு உறவைப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஒருத்தி பெரியம்மா, ஒருத்தி அத்தை, இரண்டு பேர் சித்தி. தாய்மாமன் சீட்டு விழுந்த பாண்டிச்செல்வி கண்மையால் மீசை வரைந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள். மெஸ் தட்டுகளில் பிஸ்கட், சோப்பு, மாதுளம்பழம் எல்லாம் அடுக்கிச் சீர்வரிசை ஆயிற்று. முதல்முறை எடுத்த வீடியோ ஒரே மங்கல். கம்பெனி கேட்டில் போன் கேமரா மேல் ஒட்டுகிற ஸ்டிக்கரின் பசை அப்படியே லென்ஸில் இருந்திருக்கிறது. துடைத்துவிட்டு, இனிமேல் மங்கல் என்ற பேச்சே வரக்கூடாது என்று பாண்டிச்செல்வி தன் புதுப் போனில் இருந்த செட்டிங் எல்லாவற்றையும் உச்சத்துக்கு ஏற்றினாள். வினை அங்கேதான் தொடங்கியது.

மண்டபத்தில் மாப்பிள்ளைப் பக்கம் உட்கார இடமில்லை. பெண் பக்கத்து நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. ஜோயலின் அத்தை ஞானம்மா கெட்டவள் இல்லை, குரல்தான் பெரிசு. பொண்ணு வீட்டுக்காரர்கள் எப்போது வருவார்கள் என்று அவள் மூன்றாவது முறை கேட்டபோது மண்டபமே திரும்பிப் பார்த்தது. மேடையில் சந்தனமாரியின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருந்தது.

முத்துச்செல்வி ஓடிப்போய் மேடை ஓரத்து டிவியில் பென்டிரைவைச் செருகினாள். இந்தக் கோப்பைத் திறக்க முடியாது என்றது டிவி. அதுவரை ஓடிக்கொண்டிருந்த கல்யாண வீடியோவின் பெயர் mp4 என்று முடிந்திருந்தது, இவளுடையது mov என்று முடிந்திருந்தது. அட, லேபிள்தானே. பென்டிரைவைத் தன் போனில் மாட்டி, mov-ஐ அழித்துவிட்டு mp4 என்று அடித்தாள். மறுபடி செருகினாள். டிவி சமர்த்தாகத் திறந்தது. அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

இருபத்திரண்டு தொண்டைகளின் குலவை மண்டபத்தை நிறைத்தது. படம்தான் வரவில்லை. கறுப்புத் திரையில் சிரிப்பும் கும்மாளமும் மட்டும் கேட்டன.

"இன்னாம்மா, ரேடியோ வச்சிகீறீங்களா?" என்றாள் ஞானம்மா. மாப்பிள்ளைப் பக்கம் சிரித்தது. சந்தனமாரி தலையைக் குனிந்துகொண்டாள்.

வீடியோகிராபர் கண்ணப்பன் வந்து பார்த்தார். பெயரை மாற்றினேன் என்று முத்துச்செல்வி சொன்னதும் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"பேர மாத்திக்கினா உள்ள கீறது மாறிடுமாம்மா? mov, mp4 எல்லாம் அட்டைப்பொட்டி. உள்ள படத்த எப்டி மடிச்சி அமுக்கி வச்சிகீறாங்கோன்றதுதான் கோடெக். படம் எடுத்த ஃபோனு புதுசா H.265ன்னு ஒரு தினுசா மடிச்சிகீது. இந்தப் பழைய டிவிக்கு H.264 மட்டுந்தான் பிரிக்கத் தெரியும். சத்தத்த வேற மாரி மடிச்சிகீது, அத பிரிச்சிடிச்சி."

மற்றவர்களுக்கு இது புரிந்திருக்குமோ என்னவோ, பேக்கிங் லைன்காரிக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

"அப்ப லேபிள் ஒட்டிப் பிரயோஜனமில்ல. பிரிச்சு, மறுபடி பேக் பண்ணணும். ரீவொர்க். அப்படித்தானண்ணே?"

கண்ணப்பன் அவளை மரியாதையாகப் பார்த்தார். லேப்டாப்பிலிருந்து நேராக டிவிக்குக் கேபிள் போடலாமென்றால் அதைச் செருகும் துளை சுவரை ஒட்டி இருந்தது, விரல் நுழையவில்லை. ரீவொர்க்தான் வழி. மாற்றச் சொன்னபோது லேப்டாப் ஒரு மணி நேரம் ஆகும் என்று காட்டியது. பந்தி முடிந்து ஜனம் கலைய அரை மணிகூட இல்லை.

ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டாள். பாண்டிச்செல்வி ஏற்றிவைத்த 4K-யில் புள்ளிகள் ஏகப்பட்டவை, ஒவ்வொரு படத்திலும் அத்தனையையும் மடிக்கவேண்டும் என்றார். படத்தின் உயரத்தை 480 புள்ளிக்கு இறக்கினால் மூன்றே நிமிடம். ஆனால் பெரிய திரையில் முகமெல்லாம் கரைந்துபோகும். முத்துச்செல்வி ஒப்பவில்லை. தாய்மாமனின் மீசை தெரியாவிட்டால் அது என்ன வீடியோ?

இந்த டிவியில் எத்தனை புள்ளி இருக்கிறது என்று கேட்டாள். குறுக்கே 1920, உயரத்தில் 1080 என்றார். 4K-யில் அதைப்போல நாலு மடங்கு.

"டிவில இல்லாத புள்ளிய அனுப்பி என்ன செய்ய? அது கொள்ளுத அளவு போதும்ணே. 1080 போடுங்க."

பதினெட்டு நிமிடம் என்று காட்டியது.

அந்தப் பதினெட்டு நிமிடத்தை எப்படி ஓட்டுவது? முத்துச்செல்வி முந்தானையைச் செருகிக்கொண்டு பிரெட் அல்வா வாளியைத் தூக்கினாள். பெண் வீட்டு ஆள் பரிமாறாவிட்டால் யார் பரிமாறுவது? எழுந்திருக்கப் பார்த்தவர்களை உட்காரவைத்து இன்னொரு கரண்டி வைத்தாள், போதும் என்றவர்களிடம் ஊர் விசாரித்தாள், ஞானம்மாவுக்கு மூன்று தடவை வைத்தாள். மூன்றாம் தடவை அவள் மறுக்கவில்லை. தூரத்திலிருந்து கண்ணப்பன் கட்டைவிரலைக் காட்டினார்.

இந்தமுறை படம் வந்தது. மொட்டைமாடி, வெயில், மெஸ் தட்டுச் சீர்வரிசை. ஒவ்வொருத்தியாகக் கேமரா முன் வந்து பெயரும் உறவும் சொன்னார்கள். நான் பெரியம்மா. நான் அத்தை, என்னைக் கேட்காமல் மாப்பிள்ளை பார்த்தாளாம், கோபமாக இருக்கிறேன். கடைசியில் தாய்மாமன் பாண்டிச்செல்வி மீசையை முறுக்கியபடி வந்தாள். கண்மை அப்படியே விரலோடு வந்து கன்னம்வரை இழுபட்டது. ஒரு கோடு விடாமல் தெரிந்தது.

மண்டபம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஜோயல் எழுந்து நின்று தாய்மாமனுக்குக் கும்பிடு போட்டான். சந்தனமாரி அழுதாள், சிரித்தாள், அழுதுகொண்டே சிரித்தாள். முத்துச்செல்விக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. ஞானம்மா இன்னொருதரம் போடச் சொல்லி, விரல்விட்டு எண்ணிக்கொண்டே பார்த்தாள். முடிந்ததும் சமையற்கட்டுப் பக்கம் திரும்பினாள்.

"இருவத்திரண்டு பேரு பொண்ணு வூட்ல கீறாங்கோ, ஒருத்தங்க கூட சாப்டல. பிரியாணி கட்டுங்கப்பா. தாய்மாமனுக்கு ரெண்டா கட்டு."

பொட்டலங்களை இரண்டு அட்டைப்பெட்டிகளில் அடுக்கி ஹாஸ்டலுக்குப் போகிற ஆட்டோவில் ஏற்றினார்கள். கிளம்புமுன் முத்துச்செல்விக்குக் கை சும்மா இருக்கவில்லை. கண்ணப்பனிடம் மார்க்கர் வாங்கி, பெட்டிகளைத் திறந்து ஒருமுறை உள்ளே சரிபார்த்து, மூடி, மேலே எழுதினாள்: பெண் வீட்டார்.

இந்த லேபிள் சரியானதுதான்.