சொட்டக்காவின் மைலேஜ்

1

தமிழில் எழுதப்பட்ட கதைகளிலேயே ஒரு சொல்லுக்கு அதிக தூரம் ஓடும் கதை இதுதான். அடக்கத்துடன்தான் சொல்கிறேன், பெருமையடித்தால் சொற்கள் கூடுதலாகச் செலவாகும்.

கதை பிறந்தது, பேருந்தைத் தவறவிட்ட ஒரு காலையில். தண்ணீர் கேன் ஏற்றிய மூன்று சக்கர மோட்டார் சைக்கிளில் தொற்றிக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். ஓட்டிய பெண்மணி திரும்பாமலே கேட்டார்:

“தம்பி, பைக்குள்ள இருக்கிற புஸ்தகமெல்லாம் படிக்கிறதுக்கா, சும்மாவா? சும்மான்னா நாளைக்கு வீட்டுலயே வெச்சிட்டு வா. வெயிட்டு.”

அன்றே அவருக்கு ரசிகனானேன்.

2

கதையில் அவர் சொட்டக்கா. ஒரு சொட்டு பெட்ரோலையும் வீணாக்காதவர். கருணை ததும்பும் கருவிழிகளும், காலம் கோடிழுத்த நெற்றியும்— (இறக்கிவைத்துவிட்டேன். எடை.)

தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்தாலே ஆக்சிலரேட்டரை விட்டுவிடுவார். வண்டி தானாக உருண்டு போய்ச் சேரும்போது, சொல்லிவைத்தாற்போல் பச்சை விழும். காற்று குறைந்த டயரோடு வாசலைத் தாண்டமாட்டார். டேங்கை விரலால் சுண்டி, சத்தத்தை வைத்தே மிச்சம் சொல்வார்.

வண்டி மட்டும் கொழுந்தனுடையது. அவன் முறுக்குகிற முறுக்கில் தெருவே இருமும். இப்போது வண்டி அவனுக்குத் திரும்ப வேண்டுமாம்.

“அண்ணி, ஒரு லிட்டர்தான் ஊத்திருக்கேன். எல்லாக் கடைக்கும் கேன் போட்டுட்டு நம்ம வீட்டு கேட்டுக்குள்ள வந்துட்டீங்கன்னா, வண்டி உங்ககிட்டயே இருக்கட்டும். பெட்ரோல் தீர்ந்து நீங்க இறங்கித் தள்ளினா, சாவி எனக்கு.”

“சரி. நீ எங்க ஏறுற?”

“பின்னால உக்காருவேன். நான்தானே நடுவர்!”

“நாலு கேன் வெயிட்டுல ஒரு நடுவரா? நல்லாயிருக்குடா உன் நியாயம்.”

3

(ஒரு விளக்கம். பாத்திரம் தவிக்கும்போது பதறிப்போய் உள்ளே நுழைந்து கைகொடுக்கும் எழுத்தாளர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். நான் ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பவன். கலை என்றால் அப்படித்தான்.)

எல்லாக் கடைக்கும் போட்டாயிற்று. திரும்பும் வழியில், காலிக் கேன்களுக்கு நடுவே நடுவர் வாய் பிளந்து தூங்கிவிட்டான். அவன் எடை மட்டும் விழித்திருந்தது. கேட்டுக்கு முன்னாலிருக்கும் மேட்டில் எஞ்சின் ஒருமுறை செருமியது. பிறகு அதுவும் இல்லை.

சொட்டக்கா பிரேக்கை அழுத்திக்கொண்டே டேங்கைச் சுண்டினார்.

ணங்.

“இம்புட்டுத்தூரம் வந்துட்ட, இன்னும் கொஞ்சம் ஏறிடு கண்ணு,” என்றார் வண்டியிடம். இந்த வண்டி போனால், நாளைக்கு அவர் கேனைத் தோளில்தான் சுமக்க வேண்டும்.

4

முடிவுகள்:

அ) எதிரே ஒருவர் பெட்ரோல் பாட்டிலோடு வருகிறார். (கேவலம்.)

ஆ) கொழுந்தன் விழித்துக்கொண்டு சாவிக்குக் கை நீட்டுகிறான். சொட்டக்கா மெல்ல இறங்கி— (இதை நான் எழுதமாட்டேன். அடிக்க வந்தாலும் எழுதமாட்டேன்.)

இ) வண்டியின் பின்பலகை வெயிலில் கொதிக்கிறது. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். குனிந்து தள்ளும்போது பேசினால் மூச்சு வாங்குகிறது.

“யாருப்பா பின்னால?” என்கிறார் அவர், திரும்பாமலே. சீட்டைவிட்டு இறங்கவில்லை.

மேடு இன்னும் பாதி இருக்கிறது. நடுவர் புரண்டு படுக்கிறான். வாசகரே, பலகையின் இடது மூலை காலியாகத்தான் இருக்கிறது. சத்தம் போடாமல் வந்து ஒரு கை—